புளி போட்டுத் துலக்கிய குழாய்

எனக்கு அம்சவள்ளியைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் சொல்லப்போவதை முகஸ்துதி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நான்கு வருடம் பிடிக்கவே பிடிக்காது. இத்தனைக்கும் அந்த நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. திண்டிவனத்திலிருந்து போனில் வரும் ஒரு குரல், அவ்வளவுதான். அந்தக் குரல் வந்தால் என் அன்றைய நாள் கெட்டது என்று அர்த்தம்.

நான் வளவனூர்க்காரன். பெயர் குமரேசன். அப்பாவுக்குக் கரும்பு, அண்ணனுக்கும் கரும்பு. நான் மட்டும் வயலை விட்டு, ஊருக்கு வெளியே இருக்கும் ஓர் இரும்பு ஆலையின் வார்ப்பு மேடையில் பதினெட்டு வருடமாக நிற்கிறேன். பழைய இரும்பை உருக்கிக் கட்டிகளாக வார்த்து, கம்பி போடுகிறவர்களுக்கு அனுப்புவது எங்கள் வேலை. உருகிய இரும்பு மேடைக்கு மேலே ஒரு தொட்டிக்கு வரும். தொட்டியின் அடியில் மூன்று துளைகள். மூன்று துளைகளிலிருந்தும் மூன்று தாரைகள் விழும். ஒவ்வொரு தாரைக்கும் அடியில் ஒரு செம்புக் குழாய் நிற்கும். சதுரக் குழாய், மேலும் கீழும் திறப்பு, இடுப்பு உயரம், சுவர் என் சுண்டுவிரல் கனம். மேலே குழம்பாக நுழையும் இரும்பு அந்த இடுப்பு உயரத்தைக் கடப்பதற்குள் தோல் கட்டிக்கொண்டு, கீழே செக்கச்செவேல் என்று கட்டியாக இறங்கும். குழாய்க்கு ஓர் ஆள் என்று மூன்று பேர், கைக்கெட்டும் தூரத்தில் நின்று, கறுப்புக் கண்ணாடி வழியாகக் குழாயின் வாயையே பார்த்துக்கொண்டிருப்போம். என்னுடையது இரண்டாவது குழாய்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. செம்பு ஆயிரத்து எண்பது டிகிரியைத் தாண்டியதும் உருகிவிடும். அதற்குள் நாங்கள் ஊற்றும் இரும்போ ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல். நியாயப்படி பார்த்தால் முதல் சொட்டிலேயே குழாய் வெண்ணெயாக ஓடியிருக்க வேண்டும். ஓடுவதில்லை. காரணம், குழாயின் வெளிப்பக்கம் முழுக்கத் தண்ணீர் சீறிக்கொண்டு ஓடுகிறது. உள்ளே வரும் சூட்டைச் செம்பு ஒரு கணம்கூடத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் தண்ணீரிடம் தள்ளிவிடுகிறது. ஒரு பக்கம் உருகிய இரும்பு, மறு பக்கம் குளிக்கிற சூட்டில் தண்ணீர், நடுவில் சுண்டுவிரல் கனம். இது எனக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே தெரியும். தினமும் ஏறும் பஸ்ஸின் நம்பர் தெரிகிற மாதிரி தெரியும். வாயைப் பிளந்து பார்க்க வேண்டிய விஷயம் இது என்று பதினாறு வருடம் எனக்குத் தோன்றவே இல்லை.

குழாய்கள் சில நூறு வார்ப்புக்குப் பிறகு கோணும், உள்ளே விரிசல் விடும். அவற்றைக் கழற்றித் திண்டிவனத்தில் ஒரு பட்டறைக்கு அனுப்புவோம். அங்கே அழுத்தி நேராக்கி, விரிசல் இருக்கிறதா என்று சோதித்து, நல்லதைத் திருப்பி அனுப்புவார்கள். அந்தச் சோதனைதான் அம்சவள்ளி. பத்து அனுப்பினால் ஐந்தைத் தள்ளிவிடுவார். இங்கே மாற்றுக் குழாய் இல்லாமல் ஒரு வரிசை சும்மா கிடக்கும். மேனேஜர் அரங்கநாதன் என்னைப் பிடித்து உலுக்குவார். நான் போனை எடுத்துத் திண்டிவனத்தை உலுக்குவேன்.

"இன்னாம்மா, கண்ணாடி மாரி இருந்துச்சி, அதையும் தள்ளிட்டியா?"

"கண்ணாடி மாரிதாங்க இருக்குது. கீறல் வுட்ட கண்ணாடி."

"நாங்க பாக்காத கீறலா?"

"நீங்க பாக்கலயேங்க. அதனாலதான் எனக்கு அனுப்புறீங்க."

இப்படித்தான். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேச மாட்டார், ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்கவும் மாட்டார். நான் 'நீ' என்பேன். அவர் கடைசிவரை 'ங்க' போடுவார். அதுவும் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அவருடைய கதை எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஒலக்கூர்ப் பக்கம் ஒரு காலனியில் பிறந்தவர். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போகிறவர்கள். பன்னிரண்டாவது முடித்ததும் கல்யாணம். கணவர் தென்னரசு திண்டிவனத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகள், மலர்விழி. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், அம்சவள்ளி பட்டறையில் சீவல் கூட்டும் வேலைக்குச் சேர்ந்தார். இரும்புச் சீவல் ஒரு மூட்டை, செம்புச் சீவல் ஒரு மூட்டை, அவ்வளவுதான் வேலை.

ஒரு நாள் காலை பட்டறை ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக விழுந்திருக்கிறது. சுவரில் சாய்த்திருந்த ஒரு பழைய குழாய்க்குள் அந்த வெயில் இறங்கியது. துடைப்பத்தோடு குனிந்தவர் உள்ளே எதையோ பார்த்துவிட்டார். வற்றிய ஏரியின் தரை மாதிரி பொடிப்பொடியாகக் கட்டம் கட்டமாக வெடித்திருந்ததாம். மிஷின்காரர்களைக் கேட்டால், "செம்புன்னா அப்படித்தான் இருக்கும், நீ கூட்டு" என்றிருக்கிறார்கள். இவர் விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் போன் டார்ச்சை வைத்துக்கொண்டு, கழித்துப் போட்ட ஒவ்வொரு குழாய்க்குள்ளும் தலையை நீட்டிப் பார்த்தார். மூன்று நான்கு மாதத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தார். எந்த ஆலையிலிருந்து வந்த குழாயாக இருந்தாலும், வெடிப்பு அடியில் இல்லை. மேல் விளிம்பிலிருந்து நாலு விரல் கீழே, எப்போதும் அதே இடத்தில்தான் இருந்தது.

அங்கேதான் உருகிய இரும்பின் மேல்மட்டம் நிற்கும். குழாயிலேயே அதிகமாகச் சுடுகிற இடம் அது. நாங்கள் அந்த மட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்று வயதானவர்கள். அந்த அம்மாள் உருகிய இரும்பை ஒரு தடவைகூடப் பார்க்காமல், குப்பையில் கிடந்த குழாயை வைத்தே அந்த மட்டம் நின்ற இடத்தைச் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இப்போது எழுதும்போதும் சிலிர்க்கிறது.

பட்டறை முதலாளி ஆனந்தராஜ் கெட்டவர் இல்லை. சோதனை செய்துகொண்டிருந்த ஆள் வேறு வேலைக்குப் போனதும், விரிசலுக்குள் இறங்கி அதைக் காட்டிக்கொடுக்கும் சிவப்பு மை டப்பாவை அம்சவள்ளியிடம் கொடுத்தார். பிறகு சென்னைக்கு அனுப்பிப் பரீட்சையும் எழுத வைத்தார். அம்சவள்ளி தேறிவிட்டார். அன்று முதல் அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு குழாயும் பட்டறை வாசலைத் தாண்டாது.

குழாய் ஏன் வெடிக்கிறது என்று ஒரு தரம் சண்டையின் நடுவே அவரே எனக்குச் சொன்னார். நான் கோபத்தில் பாதி கேட்டேன், பாதி விட்டேன். ஆனால் அது மனசில் தங்கிவிட்டது.

"உள்பக்கம் நெருப்பு, வெளிப்பக்கம் தண்ணிங்க. உள்ள இருக்கிற செம்பு சூட்டுல நீளணும்னு பாக்குது. வெளிய இருக்கிற செம்பு ஜில்லுனு இருக்குது, அது வுட மாட்டேங்குது. நீள முடியாம உள்பக்கம் தனக்குள்ளயே நசுங்கிப் போவுது. அப்புறம் நீங்க ஊத்துறத நிறுத்துறீங்க. ஆறுது. இப்போ சுருங்கணும். ஏற்கெனவே நசுங்கினதுக்கு நீளம் பத்தல. அதனால இழுக்குது. ஒருதரம் ரெண்டுதரம் தாங்கும். நீங்க முந்நூறு தரம் பண்றீங்க. உருகலங்க அது. களைச்சிப் போவுது."

களைத்துப் போகிறது. உலோகத்தைப் பற்றி ஒருவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேலியாகச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இனி அந்த ஆயுத பூஜைக்கு வருகிறேன். இரண்டு வருடம் ஆகிறது.

பூஜைக்கு முதல் நாள் பட்டறையைக் கழுவி, மிஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். அந்த வருடம் எங்கள் குழாய்கள் ஏழு, நேராக்கி முடித்து, சோதனைக்காகக் காத்துக்கொண்டிருந்தன. சூடு பட்டுக் கறுத்துப்போன குழாய்கள். செம்பு இப்படிக் கறுத்துப்போய்ச் சாமி முன்னால் நிற்கலாமா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். உடனே புளி வந்தது, செங்கல் பொடி வந்தது, தேங்காய் நார் வந்தது. வீட்டில் செம்புக் குடத்தை எப்படித் துலக்குவோமோ அப்படி, கம்பில் நாரைச் சுற்றி, ஏழு குழாய்களையும் உள்ளும் புறமும் தேய்த்துத் துலக்கினார்கள். தேய்த்தவர்களில் முதல் ஆள் அம்சவள்ளி. அவருக்குச் செம்பு என்றால் அவ்வளவு பிரியம். முப்பத்தொன்பது என்று எண் அடித்த குழாயின் வெளியே அவரே போட்டிருந்த ஒரு சாக்பீஸ் வட்டமும் அந்தத் துலக்கலில் போய்விட்டது. டார்ச்சில் பார்த்தபோது ஏதோ சந்தேகம் என்று போட்ட வட்டம் அது.

செம்பு மெத்தென்ற உலோகம். கரகரப்பாக எதையாவது வைத்துத் தேய்த்தால், விரிசலின் விளிம்பு இழுபட்டு அதன் வாய் மூடிக்கொள்ளும். பிறகு மை உள்ளே இறங்காது. சோதனைக்கு முன்னால் கம்பி பிரஷ் போடக் கூடாது, கரைப்பான் நனைத்த துணியால்தான் துடைக்க வேண்டும் என்று பரீட்சையிலேயே கேள்வி வந்ததாம். அம்சவள்ளி சரியாக எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தார். ஆனால் கம்பி பிரஷ் வேறு, சாமிக்குத் துலக்குவது வேறு என்று மனசு தனித்தனியாக வைத்திருந்தது. நம் எல்லோர் மனசும் அப்படித்தானே வைத்திருக்கிறது!

விடுமுறை முடிந்து சனிக்கிழமை மை போட்டுப் பார்த்தார். ஏழில் ஒன்றில்கூட ஒரு கோடு இல்லை. ஏழும் நல்லது என்பது அதுவரை நடந்ததே இல்லை. முப்பத்தொன்பதை மட்டும் இரண்டாம் முறை போட்டுப் பார்த்திருக்கிறார். அதுவும் சுத்தம். கண்ணில் பட்ட சந்தேகத்தை விட்டுவிட்டு மையை நம்பினார். கையெழுத்துப் போட்டார். ஆனந்தராஜ் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாராம். எனக்குப் போன் வந்தது. "ஏழும் சரிங்க" என்றது அந்தக் குரல், கொஞ்சம் சிரித்துக்கொண்டே. நானும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை குழாய் மாற்றினார்கள். முப்பத்தொன்பது என்னுடைய இரண்டாவது வரிசைக்கு வந்தது.

திங்கட்கிழமை காலை எட்டரை மணி. முதல் வார்ப்பு ஆரம்பித்துக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. என் கால் அருகே குழாயின் வாய்க்குள் இரும்பு வெள்ளையாகக் கொதித்துக்கொண்டு இறங்கியது. பாக்கெட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மேடையில் போன் எடுக்கக் கூடாது. நான்காவது முறை அடித்தபோது பக்கத்து ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓரமாக வந்து எடுத்தேன். திட்டத்தான் எடுத்தேன்.

"முப்பத்தொம்பது எங்கங்க இருக்குது?" மூச்சு வாங்கியது அந்தக் குரலுக்கு.

"ஏன், ஓடிக்கினு இருக்குது. ரெண்டாவது லைன்ல."

"நிறுத்துங்க! ஜல்தி நிறுத்துங்க! நான் தப்பாப் பாத்துட்டேங்க. அத்த நான் புளி போட்டுத் தேச்சிட்டேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் அழுகிறாரா பேசுகிறாரா என்றே தெரியவில்லை. துண்டு துண்டாகச் சொன்னார். அவர் வீட்டில் குடிதண்ணீருக்கு ஒரு செம்புக் குடம் இருக்கிறது. அடியில் ஒரு மயிரிழைக் கசிவு. அதற்காகவே கீழே ஒரு தட்டு வைத்திருப்பார். பூஜைக்குப் புளி போட்டுத் துலக்கிய பிறகு அந்தக் கசிவு நின்றுவிட்டது. நான்கு நாளாகத் தட்டு காய்ந்தே கிடந்தது. சாமி கடாட்சம் என்று நினைத்துக்கொண்டார். அன்று காலை மகளுக்குச் சாப்பாடு கட்டும்போது பார்த்தால், தட்டில் தண்ணீர்.

"குடம் சரியாவலங்க. வாய மூடிக்கினு இருந்திருக்குது. குழாயும் அப்படித்தான். ஏழையும் அப்படித்தான் தேச்சேன். முப்பத்தொம்பதுல எனக்கு மொதல்லயே டவுட்டு. நிறுத்துங்க, உங்களக் கும்புடறேன்."

ஒன்று சொல்ல வேண்டும். செம்பில் ஓட்டை விழுந்து, பின்னால் ஓடும் தண்ணீர் உருகிய இரும்புக்கு அடியில் புகுந்தால் என்ன ஆகும் என்று நான் ஒரு தடவை வேறு ஓர் ஊரில் பார்த்திருக்கிறேன். தண்ணீர் ஒரே கணத்தில் ஆவியாகும். மேலே இருக்கும் இரும்பு அத்தனையும் மேடை மேல் வந்து விழும். அந்தச் சத்தத்தைப் பற்றி என் வீட்டில்கூட நான் பேசியதில்லை.

திரும்பிப் பார்த்தேன். மூன்று தாரையும் அழகாக இறங்கிக்கொண்டிருந்தன. தண்ணீரின் அளவு காட்டும் முள் நின்ற இடத்தில் நின்றது. ஒரு கோளாறும் இல்லை. மேனேஜர் கீழே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வரிசையை மூடினால் தொட்டியில் இரும்பு ஆறும், பாதி உறையும், அந்த வசவை நான்தான் வாங்க வேண்டும். ஒரு வீட்டுக் குடம் ஒழுகியது என்று வார்ப்பை நிறுத்தினேன் என்று எப்படிச் சொல்வது?

ஆனால் ஒன்று என்னை அசைத்துவிட்டது. நான்கு வருடம் இந்தப் பெண்மணி வேண்டாம் என்றதை மாற்ற நான் தலைகீழாக நின்றிருக்கிறேன், மாற்றியதில்லை. இன்று தான் சரி என்றதைத் தானே வந்து தப்பு என்கிறார். எங்கள் தொழிலில் கையெழுத்துப் போட்ட பிறகு அப்படிச் சொன்ன ஒருவரையும் நான் கண்டதில்லை. நான் சொன்னதில்லை. மேனேஜர் சொன்னதில்லை. சொல்ல ஒருவருக்கு எவ்வளவு பயம் இருந்திருக்க வேண்டும், அந்தப் பயத்தையும் மீறி எவ்வளவு பெரிய பயம் இருந்திருக்க வேண்டும்!

போனைப் பையில் போட்டேன். அடைப்புக் கம்பியை எடுத்து இரண்டாவது துளையில் செருகினேன். தாரை அறுந்தது. குழாயில் இருந்த கடைசி இரும்பு தோல் கட்டிக்கொண்டு கீழே போகும் வரைக்கும் நான் மூச்சு விட்டேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை.

"யோவ் குமரேசா! இன்னாய்யா பண்ற?" மேனேஜர் படியேறி ஓடி வந்தார்.

"திண்டிவனம் மேடம் நிறுத்தச் சொன்னாங்க சார்."

"அந்தம்மாதானய்யா சரின்னு கையெழுத்துப் போட்டுச்சி!"

"ஆமா சார். அதே அம்மாதான் நிறுத்தச் சொல்லுது."

மேனேஜர் பேசியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. மற்ற ஆறு குழாய்களில் இரண்டு ஒன்றிலும் மூன்றிலும் ஓடுகின்றனவா என்று பதறிப்போய்ப் பார்த்தேன். இல்லை, அவை பழைய குழாய்கள். ஆறும் கிடங்கில் இருந்தன. அந்த வார்ப்பை இரண்டு வரிசையிலேயே முடித்தோம். தொட்டியின் அடியில் கொஞ்சம் உறைந்துதான் போனது.

பதினொன்றேகாலுக்கு அம்சவள்ளி வந்தார். தென்னரசு அவரைப் பஸ் ஸ்டாண்டில் விட்டிருக்கிறார். விழுப்புரம் வந்து, அங்கிருந்து புதுச்சேரி பஸ் பிடித்து, வளவனூர் தாண்டி இறங்கி நடந்து வந்திருக்கிறார். நான் நினைத்திருந்த ஆள் இல்லை. என் தோள் உயரம். கையில் ஒரு கட்டைப்பை. அதில் மை டப்பா, வெள்ளை ஸ்ப்ரே, துணி, சோதனைத் தாள்கள்.

அடுத்த வார்ப்பு ஒன்றிலும் மூன்றிலும் ஓடிக்கொண்டிருந்தது. படியேறி வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு பார்த்தார். தாரை விழுந்துகொண்டே இருந்தது. இத்தனை வருடமாகக் குழாயை மட்டுமே பார்த்தவர், அதற்குள் இருப்பதை முதல் முறையாகப் பார்க்கிறார். கண்ணாடிக்குக் கீழே கன்னத்தில் வெளிச்சம் ஆடியது.

"இதையாங்க அது புடிச்சிக்கினு இருக்குது?" என்றார் மெதுவாக.

"ஆமா."

"இதையா?" மறுபடியும் கேட்டார். பிறகு, "பாவம்ங்க அது" என்றார்.

பதினாறு வருடமாக நான் பார்த்துக்கொண்டிருந்ததை நானும் அப்போதுதான் பார்த்தேன். உருகிய இரும்பு தொட்டுக்கொண்டிருக்கிறது. சுண்டுவிரல் கனத்துக்கு அப்பால் தண்ணீர். நடுவில் இந்தச் செம்பு, ஒவ்வொரு முறையும் நசுங்கி, ஒவ்வொரு முறையும் இழுபட்டு, அவ்வளவு சூட்டையும் வாங்கி வாங்கிக் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. நாங்கள் மூன்று பேர் அதை நம்பி கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறோம். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

கழற்றி வைத்த முப்பத்தொன்பதை மரக்கட்டைகள் மேல் படுக்க வைத்தோம். அம்சவள்ளி துணியில் கரைப்பானை நனைத்து, குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி ஒற்றி எடுத்தார். தேய்க்கவில்லை. பிறகு உள்ளே சிவப்பு மையைப் பூசினார். காத்திருந்தோம். அப்போது ஆனந்தராஜின் போன் வந்தது. கை முழுக்க மை என்பதால் ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, நீ பாட்டுக்குத் தேச்சிட்டேன்னு எயுதிக் குடுத்துடாதம்மா. பேஜாரு ஆயிடும். வண்டில போவும்போது அடிபட்டிருக்கும்னு சொல்லு."

"வண்டில அடிபட்டா இந்த எடத்துல படாதுங்க சார். நான் தேச்சத நான்தான் எயுதணும்" என்றார். "சரி, பாத்து எயுது" என்று ஆனந்தராஜ் போனை வைத்துவிட்டார்.

மையைத் துடைத்து, வெள்ளைப் பொடியை ஸ்ப்ரே அடித்தார். குழாயின் உள்பக்கம் வெள்ளையாக ஆனது. நான் இதைப் பார்ப்பது அதுதான் முதல் முறை. மேனேஜரும் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு மேல் விளிம்பிலிருந்து நாலு விரல் கீழே வெள்ளை மெல்லச் சிவந்தது. ஒரு புள்ளி, இன்னொரு புள்ளி, புள்ளிகள் சேர்ந்து இழை, இழைகள் சேர்ந்து கட்டம் கட்டமாக வலை. யாரும் வரையவில்லை, செம்பு உள்ளே வைத்திருந்ததைத் தானே எழுதிக் காட்டியது. புளி மூடிவைத்த வாயை ஒரே ஒரு வார்ப்பின் சூடு திறந்துவிட்டது. அந்த வலையின் குறுக்கே, மற்ற எல்லாவற்றையும்விடத் தடிப்பாக, ஒரு கோடு ஊறி வந்தது.

"மேலாப்புலதான் இருக்கும், ஆழமாப் போயிருக்காது" என்றார் மேனேஜர். அவர் குரலில் பழைய கெத்து இல்லை.

அம்சவள்ளி மறுபடியும் ஸ்ப்ரே டப்பாவைக் கையில் எடுத்தார். குழாயின் வெளிப்பக்கம், தண்ணீர் ஓடுகிற பக்கம், அதே இடத்தில் வெள்ளை ஸ்ப்ரே அடித்தார். வெளியே மை போடவே இல்லை. மை இருந்தது உள்ளே மட்டும்தான். அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அந்த வெள்ளையையே பார்த்தார். நாங்களும் பார்த்தோம். பத்து நிமிடம் போனது. இருபது நிமிடம் போனது. மேனேஜரைக் கூப்பிட்டார்கள், அவர் போகவில்லை.

அரை மணி நேரம் கழித்து அந்த வெள்ளையில் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. கடுகளவுதான். சுண்டுவிரல் கனத்தையும் கடந்து வந்திருந்தது.

மேனேஜர் தொப்பியைக் கழற்றினார். மேடையில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

அம்சவள்ளி பையிலிருந்து முப்பத்தொன்பதின் தாளை எடுத்தார். தன் கையெழுத்தைக் கோடு போட்டு அடித்தார். கீழே எழுதினார்: 'சோதனைக்கு முன் செங்கல் பொடியால் தேய்த்தேன். என் தவறு. இந்தக் குழாய் ஆகாது.' தேதி போட்டார். பேனாவை மூடினார். பிறகு தலை நிமிர்ந்து கேட்டார்:

"ரெண்டாவது லைன்ல யாருங்க நின்னுக்கினு இருந்தது?"

"நான்தான்" என்றேன்.

என்னைப் பார்த்தார். அவர் முகம் நொறுங்கிப்போனது. மை பட்ட கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கன்னம், நெற்றி எல்லாம் சிவப்பாகிவிட்டது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் பக்கத்தில் நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"அழாதீங்க" என்றேன். "நீங்க போன் பண்ணீங்க இல்ல? இனிமே நீங்க வேணாம்னு தள்ளுற குழாயப் பத்தி நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன். சத்தியம்."

அவர் தலையை ஆட்டினார். "வேணாம்னா கேளுங்க, சண்ட போடுங்க, பரவால்ல. அதுல யாருக்கும் ஒண்ணும் ஆவாது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் சரின்னு சொல்றப்போதாங்க நீங்க கேக்கணும். எதால தொடச்சேன்னு கேக்கணும்."

மற்ற ஆறு குழாய்களையும் அன்றே திருப்பி எடுத்துப் போனார். அமிலம் பூசி, மூடிய வாய்களைத் திறந்து மறுபடி சோதித்ததில் இரண்டு தேறவில்லை. அந்தப் பட்டறையில் இப்போது பூஜைக்குக் குழாய்களின் வெளியே குங்குமம் மட்டும்தான் வைக்கிறார்கள். கறுத்துப்போன குழாய்கள் அப்படியே சாமி முன்னால் நிற்கின்றன.

இரண்டு வருடமாக, அம்சவள்ளி கையெழுத்தோடு ஒரு குழாய் வந்தால், மாட்டுவதற்கு முன்னால் நான் திண்டிவனத்துக்குப் போன் போடுகிறேன். எண்ணைச் சொல்கிறேன். "எதால தொடச்சீங்க?" என்று கேட்கிறேன். எத்தனை முறை கேட்டாலும், முதல் முறை கேட்ட மாதிரி யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் சொல்வார்.

"துணியாலங்க."

அதன் பிறகுதான் நான் கையுறையைப் போடுகிறேன்.